கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டு

கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகள் தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை. சொற்கள் கையெழுத்து நோட்டுகளில் இருந்தன. மெட்டு காதில் மட்டுமே இருந்தது. கல்யாணம், பண்டிகை, ஜெப ஆலயம், விவிலியக் கதை என எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. நடுவே எபிரேயச் சொற்கள் உறவுக்காரர்போல வந்து உட்காரும். கிளியை விளிக்கும் பாட்டு, கிளிவிடு தூது அறிந்த தமிழருக்கு நெருக்கமானதே. வைதிக யூத வழக்கில் ஆண்கள் முன் பெண்கள் பாடுவது விலக்கு; கொச்சியிலோ ஆண்களும் கூட இருந்து கேட்டார்கள். இந்த மரபின் பேரழகு அதுதான். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் உடன் சென்றன. 2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் இப்பாடல்களைக் குறுந்தட்டாக வெளியிட்டது.