திருத்த வரலாறும் பாடபேதமும்: விக்கிப்பீடியாவின் ஒப்பீட்டுக் கருவி பற்றிய மதிப்பீடு

2003 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவை மாணவர் மேற்கோளாகக் காட்டலாமா என்னும் வினா தமிழாசிரியரிடையே அடிக்கடி எழுவதாகும். ஆயின், அதன் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உள்ள ‘வரலாறு’ப் பக்கம் நம் துறையினரின் கவனத்தை அதிகம் பெறவில்லை. கட்டுரை சேமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் முழு வடிவமும், திருத்தியவரின் பயனர் பெயரும், நேரமும், அவர் விரும்பின் ஒரு சிறு குறிப்பும் அங்குப் பதிவாகின்றன. எந்த இரு வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் இயலும். மூலபாட ஆய்வில் பயிற்சியுடையோர்க்கு இது பழகிய களமாகவே தோன்றும். அத்தோற்றம் பாதியளவே உண்மை என்பது இக்கட்டுரையின் கருத்து.

உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளில் ‘பி-ம்.’ என்ற சுருக்கக் குறியீட்டின்கீழ் இடம்பெறும் பிரதிபேதங்களை நினைவுகூர்வோம். பல சுவடிகளை ஒப்புநோக்கி, பொருத்தமான பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றை அவர் கீழே தந்தார். மேலே நிற்பது ஓர் அறிஞரின் தேர்வு. விக்கிப்பீடியாவிலோ இறுதியாகச் சேமித்தவரின் பாடமே மேலே நிற்கும். அது சிறந்த பாடமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராக அலைந்த பதிப்பாசிரியர்க்கு, பழைய பாடங்களெல்லாம் அழியாது ஓரிடத்தில் இருப்பது பெரும்பேறாகவே தோன்றியிருக்கும். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் சேமித்து வைத்தல் வேறு, சீர்தூக்குதல் வேறு.

ஒப்பீடு நிகழும் முறையையும் அறிதல் வேண்டும். திருத்தியவர் என்ன செய்தார் என்பதைக் கருவி பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இரு வடிவங்களிலும் ஒரே வரிசையில் வரும் பகுதிகளைக் கண்டறிந்து, எஞ்சியவற்றை நீக்கம் என்றும் சேர்க்கை என்றும் பின்னர் ஊகித்துக் காட்டுகிறது. இம்முறை 1970களில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் முதலியோர் உருவாக்கிய ‘டிஃப்’ நிரலின் வழிவந்தது. கணினிக் கோப்புகளை வரிவரியாக ஒப்பிடுவதற்கெனப் பிறந்த அதற்கு, உரைநடையின் இயல்பு பின்னரே கற்பிக்கப்பட்டது. விக்கிப்பீடியாவில் முதலில் பத்தியும், அதனுள் இடைவெளியால் பிரிந்த சொல்லும் ஒப்பிடப்படுகின்றன.

தமிழில் இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. வேற்றுமை உருபும் சாரியையும் துணைவினையும் ஒட்டி நீளும் சொல்லில் ஓரெழுத்து மாறினும் சொல் முழுவதும் மாறியதாக வண்ணமிட்டுக் காட்டப்படுகிறது. ‘சிந்தாமணியை பதிப்பித்தார்’ என்பதில் ஒற்றைச் சேர்த்துச் ‘சிந்தாமணியைப் பதிப்பித்தார்’ எனத் திருத்தினால், வரலாற்றுப் பட்டியலில் 6 பைட்டு கூடியதாகப் பதிவாகும். யூடிஎஃப்-8 முறையில் பகரத்துக்கு மூன்றும் புள்ளிக்கு மூன்றுமாக இக்கணக்கு அமைகிறது. ஒருவர் சீவக சிந்தாமணிப் பதிப்பின் ஆண்டை 1887 என்பதிலிருந்து 1894 எனப் பிழையாக மாற்றினாலோ (பின்னது புறநானூற்றுப் பதிப்பின் ஆண்டு) பட்டியலில் தெரிவது சுழியம். எண்ணை மட்டும் நோக்கிப் பட்டியலைப் புரட்டும் வாசகர் ஒற்றுத் திருத்தத்தில் நின்று, வரலாற்றுப் பிழையைக் கடந்து சென்றுவிடுவார்.

ஔவையாரின் நிலை இன்னும் விந்தையானது. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டெழுதுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கருவியோ ஒரு சொல் நீங்கி வேறொரு சொல் வந்ததாகக் காட்டும். இவ்விடத்தில் கருவி சொல்வதே சரி. தேடும்போது ஒன்று அகப்பட்டு மற்றொன்று அகப்படாமற் போவதற்கும் இவ்வேறுபாடு காரணமாகலாம்.

வழக்கு வேறுபாடு தனித்து நோக்கத்தக்கது. ஈழத்தவர் ‘ரொறன்ரோ’ என எழுதுவதைத் தமிழ்நாட்டார் ‘டொராண்டோ’ என எழுதுவர். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பிழைதிருத்தம் அன்று. ஒரு வழக்கின் இடத்தில் இன்னொன்றை அமர்த்துவதாகும். கருவியில் இரண்டிற்கும் ஒரே வண்ணந்தான். எனினும், நீக்கப்பட்ட வழக்கும் தேதியோடு எஞ்சியிருப்பதால், சமகாலத் தமிழின் எழுத்துவழக்கை ஆராய்வோர்க்கு இப்பக்கங்கள் அரிய தரவாகும். அச்சு நூலில் மெய்ப்புத் திருத்துநர் நீக்கிய வடிவம் நமக்குக் கிட்டுவது அரிது.

இவ்வரலாறு முழுமையானது எனக் கொள்ளவும் இயலாது. நீக்கப்பட்ட கட்டுரைகளின் திருத்தங்கள் பொதுவாசகர்க்குப் புலப்படா. ஒரு பக்கத்தின் உள்ளடக்கத்தை வெட்டி வேறு பக்கத்தில் ஒட்டினால் முந்தைய வரலாறு அங்கு வந்து சேராது. பிறமொழியிலிருந்து பெயர்த்த கட்டுரை முதற்பதிவிலேயே முதிர்ந்த வடிவில் தோன்றுவதும் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவின் 2001 ஆம் ஆண்டுத் தொடக்ககாலத் திருத்தங்கள் பல இழக்கப்பட்டனவாகவே கருதப்பட்டு, 2010 இல் கிடைத்த பழைய காப்புப்படி ஒன்றாலேயே மீண்டன.

ஆகவே, மாணவர் மேற்கோள் காட்டுமிடத்துக் கட்டுரைத் தலைப்பை மட்டும் ஏற்காது, தாம் படித்த வடிவத்துக்குரிய ‘நிலையான இணைப்பை’யும் தருமாறு கோரலாம். பதிப்பியல் வகுப்பில் ஒரு கட்டுரையின் இரு வடிவங்களை அளித்து, அவற்றிடையேயான மாற்றங்களை எழுத்துப்பிழை, வழக்கு, செய்தி என மாணவரே பிரித்தெழுதச் செய்யலாம். கருவி ஒரே வண்ணத்தில் காட்டும் மூன்றையும் வேறுபடுத்தும் அப்பயிற்சிக்கு ஓர் இணைய இணைப்பும் இரண்டு மணி நேரமும் போதும்.