22 ஆண்டுக் கார்வை

நியூயார்க்கின் குவிக்சாண்ட் குழு தன் இரண்டாவது ஆல்பமான ‘மேனிக் கம்ப்ரெஷ’னை 1995-இல் வெளியிட்டது. மூன்றாவதான ‘இன்டீரியர்ஸ்’ வந்தது 2017 நவம்பரில். பிரிந்துபோன குழுக்கள் மறுபடி கூடி மேடையேறுவது இப்போது சாதாரணம். பழைய பாட்டுக்கு எப்போதும் கூட்டம் உண்டு. ஆனால் புதுப் பாட்டு எழுதத் துணிவது வேறு காரியம். ரசிகன் மனத்தில் இன்னும் இளைஞர்களாகவே இருக்கும் அந்தக் குழுவோடு, நாற்பதைத் தாண்டிய அதே மனிதர்கள் மோதியாக வேண்டும். இந்த மோதலையே தவிர்த்துவிட்டதுதான் ‘இன்டீரியர்ஸ்’ ஆல்பத்தின் அழகு என்பேன்.

அதை ரசிக்க, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது. பாடகரும் கிட்டார் கலைஞருமான வால்டர் ஷ்ரைஃபெல்ஸ், எண்பதுகளின் நியூயார்க் ஹார்ட்கோர் உலகில் வளர்ந்தவர். கொரில்லா பிஸ்கட்ஸ் குழுவின் பாட்டுகளை எழுதியவர். யூத் ஆஃப் டுடே குழுவில் பேஸ் வாசித்தவர். அந்த இசை ஓட்டமும் கூச்சலுமாகப் பாயும். ஒரு பாட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். குவிக்சாண்ட் செய்த புரட்சி, அந்த வேகத்தைக் குறைத்ததுதான். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு காலப்பிரமாணத்தை மட்டும் இறக்கினார்கள். ஓடும்போது தெரியாத எடை, நடக்கும்போது தெரிந்தது.

1993-இல் வந்த ‘ஸ்லிப்’ ஆல்பத்தில் இதைத் துல்லியமாகக் கேட்கலாம். கிட்டார் ஒரு ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கை, அடித்துவிட்டுச் சட்டென்று நிற்கும். அந்த இடைவெளியில் ஆலன் கேஜின் டிரம்ஸ் அவசரமே இல்லாமல் அடுத்த அடிக்குக் காத்திருக்கும். நம் கச்சேரி ரசிகர்கள் கார்வை என்று சொல்வார்களே, அந்தச் சுகம் இங்கே இரும்புச் சத்தத்துக்கு நடுவே கிடைக்கிறது. செர்ஜியோ வேகாவின் பேஸ் கிட்டாரின் நிழலில் ஒதுங்கி நிற்பதில்லை. பல பாட்டுகளில் நாம் முணுமுணுக்கும் மெட்டே அவர் விரலில்தான் இருக்கிறது. பேஸ் என்றால் அடியில் கிடந்து முழங்கும் சத்தம் என்று நினைப்பவர்கள் ‘டைன் அலோன்’ பாட்டை ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆல்பம் வந்த 1995-லேயே குழு உடைந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் மீண்டும் சேர முயன்றார்கள், அது நீடிக்கவில்லை. ஷ்ரைஃபெல்ஸ் ரைவல் ஸ்கூல்ஸ் குழுவைத் தொடங்கினார். வேகா 2009-இலிருந்து டெஃப்டோன்ஸில் வாசித்தார். 2012-இல்தான் குவிக்சாண்ட் மறுபடி மேடையேறியது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பென்சில்வேனியாவைச் சேர்ந்த டைட்டில் ஃபைட் என்ற இளைஞர் குழுவின் ‘ஷெட்’ ஆல்பத்துக்கு ஷ்ரைஃபெல்ஸ் தயாரிப்பாளராக இருந்தார். ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய கான்ஷோஹாக்கனில் உள்ள ஸ்டூடியோ 4-இல், வில் யிப் ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் ‘இன்டீரியர்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்தவரும் அதே வில் யிப்தான். தன் இசை கேட்டு வளர்ந்த தலைமுறை அந்த இசையை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது என்பதை ஷ்ரைஃபெல்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். புது ஆல்பத்தில் பழைய நெடி இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

‘இன்டீரியர்ஸ்’ ஆல்பத்தில் ‘இலுமினன்ட்’ பாட்டு தொடங்கியதும் அதே பழைய கனம், அதே நின்று நின்று விழும் ரிஃப். ஆனால் குரல் மாறியிருக்கிறது. ‘ஸ்லிப்’ காலத்தில் ஷ்ரைஃபெல்ஸ் சொற்களை வீசி எறிவார். இதிலோ சொல்லைச் சற்று நேரம் வைத்திருந்து மெல்ல இறக்குகிறார். ‘காஸ்மோநாட்ஸ்’தான் ஆல்பத்தின் உச்சம். எதிரொலியில் நனைந்த குரல் எங்கோ மேலே மிதக்க, கீழே பேஸும் டிரம்ஸும் தரையைவிட்டு நகராமல் நிற்கின்றன. இருபத்தைந்து வயதில் இவர்களால் இந்தப் பாட்டை எழுதியிருக்க முடியாது. அந்தப் பொறுமை அப்போது வாய்த்திருக்காது. இடையில் சொற்களற்ற இரண்டு சின்னஞ்சிறு துண்டுகளும் வருகின்றன. அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அடுத்த பாட்டின் கனம் அங்கேதான் சேகரமாகிறது.

குறையும் உண்டு. பின்பாதியில் ஒரே நடையில் சில பாட்டுகள் அடுத்தடுத்து வந்து ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. நடுவே ஒரு வேகப் பாட்டு விழுந்திருக்கலாம்.

அதே 2017-இல், டெக்சாஸின் அட் த டிரைவ்-இன் குழுவும் 17 ஆண்டுகளுக்குப் பின் புது ஆல்பம் தந்தது. திறமைக்குப் பஞ்சமில்லை, அனலும் பறந்தது. ஆனால் தங்களுடைய 2000-ஆம் ஆண்டு ஆல்பத்தைத் துரத்திப் பிடிக்கும் மூச்சிரைப்பு அதில் கேட்டது. குவிக்சாண்டிடம் அந்த மூச்சிரைப்பு இல்லை.

2021-இல் ‘டிஸ்டன்ட் பாப்புலேஷன்ஸ்’ வந்தது. இன்னும் சுருக்கமான, விறுவிறுப்பான பாட்டுகள். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம். ‘ஸ்லிப்’பை முழுதாகக் கேளுங்கள், ஒருநாள் விட்டு ‘இன்டீரியர்ஸ்’ போடுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் காதில் விழாவிட்டால் இந்தக் குழுவில் பாதி காதில் விழவில்லை என்று பொருள்.