வசீகரா (மின்னலே திரைப்பாடல்)

'வசீகரா' 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த 'மின்னலே' திரைப்படத்தில் இடம்பெற்ற காதல் பாடல். எழுதியவர் கவிஞர் தாமரை. இசை ஹாரிஸ் ஜெயராஜ். பாடியவர் பாம்பே ஜெயஸ்ரீ. படத்தின் இயக்குநர் கௌதம் மேனனுக்கும் இசையமைப்பாளருக்கும் இதுவே முதல் படம். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர்கள் மிகுதியாகக் கேட்ட காதல் பாடல்களில் இதுவும் ஒன்று. ஒரு பெண் தன் விருப்பத்தைத் தானே, வீட்டுப் புழக்கத்தில் உள்ள பொருள்களைக் கொண்டு சொல்வது இதன் தனித்தன்மை. அந்தக் குரலைப் படம் எப்படி நடத்தியது, அடுத்து வந்த பத்தாண்டுகளில் அதற்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடலின் இடம் விளங்கும்.

பாடலாசிரியர்

தாமரை கோயம்புத்தூரைச் சேர்ந்தவர், பொறியியல் படித்தவர். 1998இல் வந்த 'இனியவளே' படத்தின் வழியே திரைப்பாடல் எழுத வந்தார். இரட்டைப் பொருள் வைத்து எழுதுவதில்லை, ஆங்கிலச் சொற்களைக் கலப்பதில்லை என்ற கொள்கையோடு இருப்பவராக அறியப்படுபவர். பெண்ணின் ஆசையைப் பெண் குரலுக்கு ஆண்களே எழுதிக்கொடுத்துவந்த துறை அது. அங்கே ஒரு பெண்ணே எழுதியதால் மட்டும் பாடல் சிறப்பாகிவிடாது. என்ன எழுதினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பாடலின் இயல்பு

தலைப்புச் சொல்லிலேயே ஒரு மாற்றம் இருக்கிறது. வசீகரம் என்பது வழக்கமாகப் பெண்ணுக்கு ஏற்றிச் சொல்லப்படுவது. இங்கே அது ஆணை விளிக்கும் பெயர். அடுத்து வரும் 'மடி' என்ற சொல்லும் அப்படியே. தமிழ்ப் பாட்டில் மடி தாயுடையது, அல்லது காதலியுடையது. அதில் தலைவைத்துத் தூங்குபவன் ஆண். தாமரையின் பெண் தூங்குவதற்கு ஆணின் மடியைக் கேட்கிறாள்.

சரணங்களில் நிலவும் இல்லை, தேனும் இல்லை. மழையில் நனைவது, அதனால் வரும் காய்ச்சல், இருவருக்கும் சேர்த்து ஒரே போர்வை, குளித்துவிட்டு வந்தவன் அவள் சேலை நுனியைத் தேடித் தலை துவட்டுவது என்று போகிறது. இவைதாம் கவிதை என்றும் அந்தப் பெண்ணே சொல்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆன வீட்டில் தினமும் நடப்பதை, கல்யாணத்துக்கு முன்பே கனவாகக் காண்கிறாள்.

ஓரிடத்தில் 'முடிவிலி' என்ற சொல் வருகிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் இதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள். எட்டு படுத்துக் கிடப்பது போன்ற குறியின் பெயர். அதுவரை வகுப்பறைக்கு வெளியே வந்திராத சொல். காதலில் கடிகாரத்துக்கு வேலையில்லை என்று சொல்ல அதைக் கையாண்டார் கவிஞர். மெட்டிலும் அது உறுத்தாமல் உட்கார்ந்துகொண்டது. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் எத்தனையோ சொற்களை உண்டாக்கிப் புத்தகத்தோடு விட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று டீக்கடை வரை போனது ஒரு காதல் பாட்டால்.

பாம்பே ஜெயஸ்ரீ கர்நாடக இசைக் கலைஞர்; லால்குடி ஜெயராமனின் மாணவி. தமிழ் தெரியாத பாடகர்கள் ழகரத்தை வதைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பாடலில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் காதில் விழுந்தது. அவர் எங்கும் குரலை உயர்த்திக் கெஞ்சவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவிலேயே பாடியிருக்கிறார்.

இந்தி வடிவம்

அதே 2001இல் படம் இந்தியில் 'ரெஹனா ஹை தேரே தில் மே' என்ற பெயரில் வந்தது. இயக்குநர், இசையமைப்பாளர், பாடகி, மெட்டு எல்லாம் அவையே; பாடலாசிரியர் மட்டும் சமீர். பாடலில் சொல்லின் பங்கு எவ்வளவு என்று அறிய இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது. 'ஜரா ஜரா' என்று தொடங்கும் இந்திப் பாடலில் உடலின் மணமும் தாகமும் தவிப்புமே மேலோங்கி நிற்கின்றன. அதுவும் நல்ல பாடல்தான். வடக்கே இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஒரு இரவு. தமிழ்ப் பெண்ணுக்கு வேண்டியது ஒரு குடித்தனம்.

மரபும் ஊரும்

குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் இயற்றியது, புதுக்குடித்தனம் ஒன்றைக் காட்டுகிறது. தயிர் பிசைந்த விரலோடு, உடுத்த துணியைத் துவைக்கவும் நேரமில்லாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏறத் தலைவி தானே சமைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அடுப்படியையும் அழுக்குத் துணியையும் காதலின் இடமாக வைத்த பழைய பாடல் அது. ஆனால் அங்கே தலைவி பேசுவதில்லை. செவிலித்தாய் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள். 'வசீகரா'வில் பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. இந்தப் பாட்டைச் சங்கப் பாட்டுக்கு நிகராக வைக்க வேண்டியதில்லை; அந்த வழியில் வருவது என்று சொன்னால் போதும்.

படம் சென்னையின் வசதியான இளைஞர்களைப் பற்றியது. பாடலோ வடக்குத்து போன்ற ஊருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவே, நெய்வேலி நகரியத்தை ஒட்டியிருக்கும் ஊர் அது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் மூன்று ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் கணவன் வீடு திரும்பும் நேரத்தில் மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பாள். அங்கே ஒரே போர்வை என்பது எல்லா வாரமும் கிடைக்கிற பொருளல்ல. சுரங்கத் தூசியோடு வருபவர் குளித்த பிறகுதான் வீட்டு மனிதராகிறார்; தலை துவட்டும் நேரம்தான் இருவரும் எதிரெதிரே நிற்கும் நேரம். முல்லைத் திணையின் தலைவி வினைமேற்சென்றவன் திரும்புவதற்காகக் காத்திருந்தாள். ஷிப்ட் பேருந்துக்குக் காத்திருப்பவளும் அவள் பேத்திதான்.

படம் பாடலை நடத்திய விதம்

கதாநாயகி ரீனாவுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை வேறொருவன். அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு ராஜேஷ் அவளிடம் பழகுகிறான். தன்னை மணக்கப்போகிறவன் இவன்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கும்போது வருகிறது 'வசீகரா'. யாரை நினைத்துச் சேலை நுனியை நீட்டுகிறாளோ அவன் உண்மைப் பெயரே அவளுக்குத் தெரியாது. இவ்வளவு வெளிப்படையான பாடலை ஒரு ஏமாற்றின் நடுவில் வைத்த படம், அந்த முரணைப் பொருட்படுத்தவேயில்லை.

உண்மை தெரிந்து அவள் விலகியதும் 'வெண்மதி' என்ற பாடல் வருகிறது. எழுதியவர் வாலி. அதில் ராஜேஷ் மனமுடைந்து அவளை நொந்துகொள்கிறான். ஏமாற்றியவன் ஏமாந்தவனாகப் பாட, திரையரங்கம் அவனோடு சேர்ந்து வருந்தியது. அவள் கோபத்துக்கு ஒரு பாடலைப் படம் தரவில்லை. வாலியின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அந்தச் சூழலை அமைத்தவரிடம்.

பிந்தைய ஆண்டுகள்

தாமரை, ஹாரிஸ் ஜெயராஜ், கௌதம் மேனன் கூட்டணி 'காக்க காக்க' (2003), 'வேட்டையாடு விளையாடு' (2006), 'வாரணம் ஆயிரம்' (2008) எனத் தொடர்ந்தது. 'காக்க காக்க'வின் 'ஒன்றா ரெண்டா' பாடலில் 'வசீகரா'வின் பெண் மீண்டும் பேசுகிறாள். பாடியவரும் பாம்பே ஜெயஸ்ரீயே. பின்னர் ஆண் குரலுக்கு எழுதிய பாடல்கள் கூடக்கூட, பெண் மறுபடியும் பார்க்கப்படும் பொருளாகிறாள். அழகாகப் பார்க்கப்படுகிறாள், அவ்வளவே. 'முன்தினம் பார்த்தேனே' இனிய பாடல். ஆனால் அதில் வரும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று எவராலும் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம், காதலில் தோற்ற ஆணின் பாட்டு வளர்ந்துகொண்டிருந்தது. நா. முத்துக்குமார் '7ஜி ரெயின்போ காலனி'க்கு (2004) எழுதிய 'நினைத்து நினைத்து' துயரத்தைச் சொன்னது, யாரையும் பழிக்கவில்லை. அந்தக் கட்டுப்பாடு நீடிக்கவில்லை. 2011 நவம்பரில் '3' படத்துக்காக தனுஷ் பாடிய 'ஒய் திஸ் கொலவெறி டி' உலகெங்கும் பரவியபோது, கைவிடப்பட்டவன் கைவிட்டவளைக் கேலிசெய்வதே காதல் பாட்டின் பொது மொழியாகியிருந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். வகுப்பில் உடன் படிக்கும் பெண்ணைப் பார்த்து ஒரு பையன் அதைப் பாடினால் அவளுக்குச் சிரிப்பு வருமா என்பது வேறு.

அதற்கு முந்தைய ஆண்டு, 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) படத்துக்கு ஏ.ஆர். ரகுமான் இசையில் தாமரை எழுதினார். 'மன்னிப்பாயா' பாடலில் திருக்குறளையும் இணைத்தார். காமத்துப்பாலின் நிறையழிதல் அதிகாரத்தோடு, அறத்துப்பாலின் அன்புடைமை அதிகாரத்திலும் குறள் எடுத்தார். 71ஆம் குறள் அதில் ஒன்று. காதலை இன்பத்துக்குள் மட்டும் அடைக்காமல் அன்புக்குள் கொண்டுவந்தது 'வசீகரா' எழுதியவருக்கே உரிய செயல். பாடலின் சூழல் மட்டும் இங்கேயும் இடறுகிறது. குடும்பமும் மதமும் குறுக்கே நிற்க முடிவெடுக்கத் தயங்கிய ஜெஸ்ஸி மன்னிப்புக் கேட்கிறாள். 2001இல் பொய்ப் பெயரில் வந்து பழகிய ராஜேஷுக்கு அப்படியொரு பாடல் எழுதப்படவில்லை.