கரும்பு வில்லின் விலை

மாசி மாதத்து அமாவாசை கழிந்து, மூன்றாம் பிறை மேற்கு மலைமுகட்டில் கீற்றாகத் தோன்றும் மாலைப்பொழுதில், ஹட்டனுக்கு அப்பால் டிக்கோயாவிலோ நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ ஏதேனும் ஒரு தோட்டத்தில் லயம் என்னும் தொடர்குடியிருப்பின் வாசலில் நின்று செவி சாய்ப்பவர்கள், பனி இறங்கத் தொடங்கிவிட்ட தேயிலைச் சரிவுகளைக் கடந்து அடுத்த டிவிஷனிலிருந்து மிதந்து வரும் தப்பொலியைக் கேட்கக்கூடும். காமன் ஊன்றுகிறார்கள் என்பதற்கு அதுவே அறிவிப்பு. அன்று கரும்பும் ஆமணக்கும் வைக்கோற்பிரியுமாக நடப்படும் கம்பம் பௌர்ணமியை ஒட்டிய இரவில் எரிந்து சாம்பலாகும் வரையில், காலையில் பெரட்டு என்னும் ஆளெடுப்புக்குப் போய், பகலெல்லாம் கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்த அதே மனிதர்கள், இரவானதும் தேவர்களாகவும் அசுரர்களாகவும் மாறிவிடுவார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கால்நடையாகவும் கப்பலேறியும் வந்த மக்கள் இலங்கைக்குக் கொண்டுவந்த சொத்துகளுள், கங்காணியின் கணக்கேட்டில் பற்று எழுதப்படாத சொத்து இந்தக் கூத்து ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் மலையகத்தின் மூன்று பெருங்கூத்துகளையும் பல்லாண்டுகளாகப் பார்த்து ரசித்து வந்தவன் என்ற உரிமையில், அவற்றின் ஆடலையும் பாடலையும் பற்றி எழுதுவோர் பலர் இருக்க, நான் இங்கே அவற்றின் ஆயுதங்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். எங்கள் தோட்டத்துக் கூத்து ஆயுதங்கள் யாவும் சவுக்குப் பலகையில் செதுக்கப்பட்டு, தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஒட்டியிருந்த வெள்ளித்தாளை உரித்தெடுத்துப் போர்த்தப்பட்டவை. அத்தாள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னும்போது, சங்கரின் வாள் உண்மை வாளைக் காட்டிலும் ஒளி மிக்கதாய்த் தோன்றும். இலண்டனுக்குப் போகும் தேயிலையின் மணம் கெடாதிருக்க வைத்த தாள், வீரபத்திரரின் வாளுக்கும் மெருகேற்றியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவிதத் திருப்தி உண்டாகும்.

ஆனால் ஆயுதம் என்று வரும்போது ஒரு விவகாரமும் கூடவே வருகிறது. ஆண்டுதோறும் புதிதாய் வேடமேற்கும் இளைஞர்களில் எவனாவது ஒருவன், இதுவரை எவரும் கண்டிராத ஓர் ஆயுதத்தோடு ஒத்திகைக்கு வந்து நிற்பான். அதைக் களத்தில் இறக்க விடலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கூத்தைப் பழக்கும் வாத்தியார். விசித்திரமான ஆயுதங்களை அவர் அடியோடு தடை செய்வதே முறை என்று கூறுவோர் உண்டு. சம்பிரதாயத்தின் பேரால் அவர்கள் அப்படிக் கூறும்போது, காமன் கூத்தின் நாயகன் கையில் இருப்பது என்ன என்பதை மறந்துவிடுகிறார்கள் என்றே எண்ணுகிறேன். கரும்பினால் வில், வண்டுகளின் வரிசையால் நாண், தாமரை, அசோகம், மா, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்களால் அம்பு. இதைவிட விசித்திரமான ஓர் ஆயுதத்தை எந்த இளைஞனால் கற்பனை செய்துவிட முடியும்? விசித்திரமே குற்றமென்றால் முதலில் களத்தை விட்டு வெளியேற வேண்டியவன் மன்மதனே அல்லவா?

எங்கள் வாத்தியார் விசித்திரத்துக்கு அஞ்சியவர் அல்லர். சிலம்பம் பழகிய ஓர் இளைஞன், ஒரு முறை தூதன் வேடத்துக்கென்று சுருள்வாள் ஒன்றைக் கொண்டு வந்தான். இடுப்பில் கச்சை போலச் சுற்றிக்கொள்ளத் தக்கதாய், உதறினால் பாம்பு போல் சீறி விரியும் அந்த இரும்பு நாடா, கற்றவன் கையிலும் கணநேரக் கவனப்பிசகில் அவனையே அறுத்துவிடக் கூடியது. இரண்டு லயங்களுக்கு நடுவே, குழந்தைகள் கம்பளிக்குள் சுருண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தச் சிறு வாசலில் அதைச் சுழற்றுவதைப் பற்றி நினைத்தாலே உடல் சிலிர்க்கும். ஆயினும் வாத்தியார் அபாயத்தைக் காரணமாகச் சொல்லவில்லை.

"வாத்தியாரே, இத எடுத்து ஒருக்கா சுத்துனா சனம் மூச்சடச்சு நிக்கும்," என்றான் அவன்.

"நிக்கும்டா தம்பி. கூத்தும் அதோட நின்னுரும்," என்றார் அவர்.

ஓலை கொண்டு வருகிற தூதன், தான் சுமந்து வந்த செய்தியைக் காட்டிலும் தன் வாளைப் பெரிதாக்கிக் கொள்வானாயின், பார்வையாளரின் கண்கள் வாளைத் தொடருமேயன்றி ஓலையை யார் கேட்பார்கள் என்பதே அந்த ஒரு வரியில் அடங்கியிருந்த ரசனைச் சாத்திரம்.

இன்னோர் ஆண்டு காளி வேடத்துக்கு ஒருவன் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தான். எந்த லயத்திலும் கூரையிடுக்கில் செருகியிருக்கும் அக்கத்தியைப் போல எங்களுக்குப் பழக்கமான பொருள் வேறில்லை. வாத்தியார் அதை அதிக நேரம் பார்க்கக்கூட இல்லை. "சோறு போடுற கத்தி. அதுக்கு இங்க ஒரு சோலியும் இல்ல," என்று சொல்லித் திருப்பியனுப்பிவிட்டார். விசித்திரமான சுருள்வாளுக்கும் இடமில்லை, சாதாரணமான கவ்வாத்துக் கத்திக்கும் இடமில்லை என்றால், அவர் மனத்திலிருந்த அளவுகோல்தான் யாது?

அதை நான் கண்டுகொண்டது எமன் வேடமேற்ற ஒருவன் விஷயத்தில். தேயிலை ஸ்டோரில் தேய்ந்து கழிக்கப்பட்ட இயந்திரப் பட்டை ஒன்றைப் பாசக்கயிறென்று தோளில் சுமந்து வந்தான் அவன். கூடியிருந்தோர் நகைத்தனர். வாத்தியார் மட்டும் நகையாமல், அதைக் கையில் வாங்கி நிறை பார்த்துவிட்டு, "இத வீசுனா உனக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார். எதிரிக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இளைஞன் சற்று யோசித்து, பட்டை கனமாதலால் இரு கைகளாலும் வீச வேண்டியிருக்கும் என்றும், அதற்காகத் தண்டத்தைக் கீழே போட்டுவிட்டு நிராயுதபாணியாய் ஒரு கணம் நிற்க நேரும் என்றும் விடை சொன்னான். "அப்ப சரி, கொண்டா," என்றார் வாத்தியார். அன்றிரவு எமன் தண்டத்தை நிலத்தில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு நின்ற அந்தக் கணத்தில் தப்பும் ஓய்ந்து, குழந்தைகளும் அசைவற்றுப் போயின. காலனுக்கும் ஒரு கணம் பலவீனம் உண்டென்பதை நாங்கள் பிரத்தியட்சமாகக் கண்டோம்.

கொழும்பில் வசிக்கும் என் மருமகப்பிள்ளை ஒருவர், நண்பர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து வேடமேற்று ஆடும் ஒரு கற்பனை விளையாட்டில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பதே அவ்வகை ஆட்டங்களுக்கு மூலம். அதில் வேடம் வாயாலேயே தரிக்கப்படுகிறது. போரில் யார் பக்கம் வெற்றி சாயும் என்பதைப் பகடை சொல்கிறது. கதையை நடத்திச் செல்பவர் எங்கள் வாத்தியாரின் ஸ்தானத்தில் இருக்கிறார். அங்கேயும் இதே விவகாரம் உண்டென்று அறிந்தபோது எனக்கு வியப்பைவிட மகிழ்ச்சியே மிகுந்தது. 2000-இல் வந்த அவ்விளையாட்டின் மூன்றாம் பதிப்பில் முள்சங்கிலி என்றோர் அபூர்வ ஆயுதம் இருந்ததாம். பத்தடித் தொலைவில் நிற்பவனையும் அது எட்டும். அருகில் நெருங்கியவனையும் அடிக்கும். காலை வாரி வீழ்த்தவும், கையிலிருப்பதைத் தட்டிப் பறிக்கவும் வல்லது. நீண்ட ஈட்டி ஏந்தியவன் தன்னருகே வந்துவிட்டவனைக் குத்த முடியாமல் தவிக்கும் குறை அதற்கு இல்லை. தனிப்பயிற்சி என்னும் ஒரு விலையை ஒரே தடவை செலுத்திவிட்டால், அதன் பிறகு அது கேட்பது ஒன்றுமில்லை. அதனாலேயே பலர் அதையே நாடினர். பலர் அதைத் தடை செய்ய வேண்டுமென்று வாதிட்டனர். அவர் இதை விவரித்தபோது, நான் எமனின் பட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே ஜாதி ஆயுதங்கள்தாம். ஆனால் பட்டை ஏந்தியவனிடம் ஒவ்வொரு வீச்சுக்கும் விலை கேட்கிறது, முள்சங்கிலி கேட்கவில்லை.

நம் புராணங்கள் இவ்விஷயத்தை வெகு நுட்பமாக உணர்ந்திருக்கின்றன. பாசுபதத்தைக் காட்டிலும் வலிய அஸ்திரம் பாரதக் கதையில் வேறில்லை. அதை ஈசுவரன் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பெற வந்த அருச்சுனனை முதலில் தவத்தில் நிறுத்தினான். பின்னர் வேடனாய் வந்து, ஒரு பன்றியின் பொருட்டு அவனோடு சண்டையிட்டு, அவனுடைய வில்வன்மையின் செருக்கை அடக்கினான். அதன் பிறகு அஸ்திரத்தைக் கொடுத்தபோதும், வலிமையற்றவர் மேல் அவசரப்பட்டு ஏவினால் உலகமே அழியும் என்று எச்சரித்தே கொடுத்தான். அருச்சுனன் தபசுக் கூத்தில், களத்தின் நடுவே நாட்டிய உயரமான மரத்தில் வேடதாரி பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவதைப் பார்ப்பவர்களுக்கு இது உபதேசமாக அன்றி அனுபவமாகவே சித்திக்கிறது. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில், மார்பில் துணியின்றி, விரதமிருந்து மெலிந்த உடலோடு ஒருவன் அந்த மரத்தின் உச்சியை அடைவதற்குள், அந்த அஸ்திரத்தின் விலை இன்னதென்று கீழே நிற்பவர் ஒவ்வொருவரும் தம் உடம்பிலேயே அறிந்துகொள்கின்றனர்.

ஆகவே, விசித்திர ஆயுதங்களைத் தடை செய்வது வாத்தியாருடைய கடமையாகாது என்பதே என் துணிபு. ஆயுதம் ஒவ்வொன்றும் ஏந்தியவனிடமிருந்து எதைப் பெறுகிறது என்று கேட்பதும், ஒன்றையும் பெறாத ஆயுதத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவதுமே அவர் கடமை. சுருள்வாள் தூதனிடமிருந்து எதையும் பெறாமல் கதையிடமிருந்து பறித்துக்கொள்வது. கவ்வாத்துக் கத்தியோ பகலில் வேண்டிய அளவு எங்களிடமிருந்து பெற்றுக்கொண்டுவிட்டது. இரவிலும் அதற்குக் கொடுப்பதற்கு எங்களிடம் மீதம் ஒன்றுமில்லை.

காமனின் வில்லோ அனைத்திலும் பெரிய விலையைக் கேட்பது. மலரம்பு ஈசுவரனைத் தைத்த அக்கணமே நெற்றிக்கண் திறக்கிறது, எய்தவன் எரிகிறான். தஞ்சை வட்டாரத்து லாவணிப் பாடகர்கள், அவன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியுமாகப் பிரிந்து விடிய விடிய வாதிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த வாதத்துக்கு இடமில்லை. கம்பம் தீப்பற்றி, ரதி வேடமிட்ட ஆண்மகன் தலைவிரிகோலமாய்ப் புலம்பத் தொடங்கியதும், கணவனை இழந்த பெண்கள் தத்தம் வாசற்படியில் அமர்ந்தவாறே அழத் தொடங்குவார்கள்.

விடிந்ததும் வாத்தியார் அந்தக் கரும்பு வில்லை முழங்காலில் வைத்து முறித்து, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் துண்டு துண்டாகப் பங்கிட்ட காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. கையில் காப்புக் கயிறு அவிழாமல், இரவெல்லாம் மன்மதனாய் ஆடிய இளைஞனும் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கை நீட்டினான். காமனை உயிர்ப்பிக்கும் சடங்கு மூன்றாம் நாளன்று. வாத்தியார் அவன் கையை மெல்ல விலக்கினார்.

"ஒனக்கு இப்ப இல்லடா. நீ எந்திரிச்சப்புறம்."