பதிவேட்டில் இல்லாத காடு

காஞ்சா கச்சிபௌலி நிலத்துக்காகத் தெலங்கானா அரசு தரப்பு சொன்னதைச் சுருக்கினால் இரண்டே வரி: நிலம் எங்களுடையது, வருவாய்ப் பதிவேட்டில் அது காடு இல்லை. இரண்டுமே பொய் கிடையாது. சிக்கலே அங்கேதான்.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கர் அது. 2003-04-ல் ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கினார்கள். 2006-ல் ரத்து. வழக்கு இழுத்து இழுத்து 2024-ல்தான் முடிந்தது, அரசு ஜெயித்தது. ஜெயித்த கையோடு நிலத்தைத் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்திடம் கொடுத்து ஏலத்துக்குத் தயார் பண்ணிவிட்டார்கள். 2025 மார்ச் 30, யுகாதி லீவு நாளில் புல்டோசர் இறங்கியது. ஏப்ரல் 3-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் ஏறக்குறைய 100 ஏக்கரில் மரங்கள் போய்விட்டன. மயிலும் நட்சத்திர ஆமையும் இருந்த இடம்.

பதிவேட்டில் அதன் வகை 'காஞ்சா அஸ்தபல் புறம்போக்கு'. காஞ்சா என்றால் மேய்ச்சல் நிலம். புறம்போக்கு என்ன என்று ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாம் அதைத் திட்டுவதற்கே பயன்படுத்துகிறோம்! ஆனால் அதன் அர்த்தம் தீர்வைக் கணக்குக்கு வெளியே, பொதுப் பயனுக்கு விட்ட நிலம் என்பதுதான்.

டேட்டாபேஸோடு குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் தெரிகிறது: வருவாய்ப் பதிவேடு வரி வசூலுக்காக டிசைன் பண்ணின டேபிள். நஞ்சை, புஞ்சை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று அதன் வகைகளைப் பார்த்தாலே புரியும். மேய்ச்சல் நின்று, அங்கே மரம் வளர்ந்தால் யாரும் அப்டேட் போடுவதில்லை. அந்த டேபிளிடம் போய் "இது காடா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். கேள்வியே தப்பான டேபிளுக்குப் போயிருக்கிறது.

இதைச் சட்டம் எப்போதோ பார்த்துவிட்டது. 1996 டிசம்பர் 12, கோதவர்மன் வழக்கு: காடு என்பதற்கு அகராதிப் பொருளைத்தான் எடுக்க வேண்டும், உரிமையாளர் யாராக இருந்தாலும். மறுநாளே, டிசம்பர் 13, பியாஸ் நதிக்கரையில் ஒரு ஹோட்டலுக்கு வன நிலத்தைக் குத்தகைக்கு விட்ட வழக்கில், இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர்தான் என்றது அதே நீதிமன்றம். கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா மாதிரி. தர்மகர்த்தா பேரில் இருப்பதாலேயே விற்றுவிட முடியுமா?

இங்கிலாந்திலும் 2011-ல் அரசு தன் காடுகளைத் தனியாருக்கு விற்கப் பார்த்தது. ஐந்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பிப்ரவரி 17-ல் திட்டத்தைக் கைவிட்டு அமைச்சரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி. விற்கப்போவது காடு என்பதில் அங்கே தகராறே இல்லை. இங்கே முதலில் காடு என்று நிரூபிக்கணும், அதற்குள் மரம் இருக்காது.

ஐ.டி. பூங்காவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சாப்பாடே அதில்தான். ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய ஃபேக்டரி மனைகளிலேயே ஐ.டி. கட்டடங்கள் எழும்பியதை நாம் பார்த்தோமே. அதற்கு யாரும் காட்டை வெட்டவில்லை.

நம்ம பக்கம் வருவோம். சி.டி.எச். ரோட்டில் ஆவடியைத் தாண்டும்போது, பாதுகாப்புத் துறை வளாகச் சுவர்களுக்குப் பின்னால் மரங்கள் தெரியும். 2021 அக்டோபர் 1 முதல் எச்.வி.எஃப். ஒரு அரசு கம்பெனியின் கீழ் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களின் உபரி நிலத்தைப் பணமாக்குவதற்கென்றே 2022-ல் மத்திய அரசு ஒரு கழகத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆவடி நிலம் ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 'உபரி' என்பதும் ஒரு பதிவேட்டு வார்த்தைதான் என்கிறேன்.

2025 மார்ச் 4-ல், அதாவது ஹைதராபாத்தில் புல்டோசர் இறங்குவதற்கு முன்பே, காடு போன்ற பகுதிகளையும் சேர்த்துப் பட்டியல் எடுக்க நிபுணர் குழுக்களை அமைக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. நாம் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்துக்கான பகுதியை, கிராமவாரியாக, சர்வே எண்ணோடு, தமிழில். ஏல அறிவிப்பு வந்த பிறகு அல்ல, இப்போதே.