வெட்டத் தொடங்கினால் நிறுத்த முடியாது

ஜனவரியில் தெற்கு பிரான்சின் சிற்றூர்ச் சதுக்கங்களில் பிளேன் மரங்கள் மொட்டையாக நிற்கும். தடித்த அடிமரம், நாலைந்து குட்டைக் கிளைகள், கிளை நுனிகளில் மூடிய கைமுஷ்டி போலப் புடைத்த முண்டுகள். முதல்முறை பார்ப்பவருக்கு மனம் பதைக்கும். அதே மரங்களுக்குக் கீழே கோடையில் மேசை போட்டு ஊரே உட்கார்ந்திருக்கும். மரத்தின் தலைக்கிளைகளை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டும் இந்த முறையைத் தலைக்கவாத்து என்று சொல்லலாம். இது கொடுமையா, கலையா என்ற சண்டை ஐரோப்பிய நகரங்களில் ஓயவில்லை. என் பார்வையில், வெட்டுவதில் பெரிய குற்றமில்லை. வெட்டத் தொடங்கிவிட்டுக் கைவிடுவதுதான் குற்றம்.

மரம் இளசாக இருக்கும்போதே, ஆளுயரத்துக்குச் சற்று மேலே, எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு ஆண்டுதோறுமோ இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையோ, இலையுதிர்ந்த குளிர்காலத்தில், அதே இடத்தில் முளைத்த சிம்புகளை மட்டும் அறுப்பார்கள். சிம்பு மெல்லியது, அதற்குள் வைரம் பாய்ந்திருக்காது. அதனால் காயம் சீக்கிரம் மூடிக்கொள்ளும், பூஞ்சைக்கு நுழைவாயில் கிடைக்காது. வெட்ட வெட்டப் புடைக்கும் முண்டில் மாவுச்சத்தும் உறங்கும் மொட்டுகளும் நிறைந்திருக்கும். அடுத்த வசந்தத்தின் துளிரெல்லாம் அங்கிருந்துதான். அந்த முண்டுகளை மட்டும் தொடவே கூடாது. மரங்கள் தம் காயங்களை எப்படி அடைத்துக்கொள்கின்றன என்று வாழ்நாள் முழுக்க அறுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ இதை அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

நாற்பது வயது மரத்தின் பெருங்கிளையை ஒருநாள் திடீரென்று பாதியில் அறுப்பது வேறு காரியம். அங்கே வைரம் வெளியே தெரிகிறது, அழுகல் உள்ளே இறங்குகிறது. வெட்டின் ஓரத்தில் முளைக்கும் கிளைகள் மேற்கட்டையை மட்டும் பற்றிக்கொண்டு வளர்ந்து, கனம் ஏறியதும் காற்றில் பிய்ந்து விழுகின்றன. மரத்தின் மேல் அன்புள்ளவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக வைத்துத் திட்டுகிறார்கள். தலைக்கவாத்துக்கு இழைக்கப்படும் முதல் அநீதி இதுதான்.

நகரத்துக்கு இதனால் கிடைப்பவை வெளிப்படை. குறுகிய தெருவில் பெருமரம் ஒன்று நூறாண்டு குடியிருக்க முடிகிறது. குளிர்காலத்தில் சன்னலுக்கு வெயில் வருகிறது, கோடையில் நிழல். லண்டனில் இன்னொரு காரணமும் உண்டு. அங்குள்ள களிமண் நீர் வற்றினால் சுருங்கும், அதன் மேல் நிற்கும் வீட்டின் சுவரில் விரிசல் விழும். 1976 வறட்சியில் அப்படி விரிசல் கண்ட வீடுகள் ஏராளம். இலையைக் குறைத்தால் வேர் குடிக்கும் நீரும் குறையும் என்று தெருமரங்களைக் கடுமையாக வெட்டுகிறார்கள். இந்த வாதம் பாதிதான் உண்மை. லேசாக வெட்டினால் பலனில்லை. கடுமையாக வெட்டினாலும் சிம்புகள் தழைத்ததும் பழைய தாகம் திரும்பிவிடுகிறது.

ஆக, எல்லாப் பலனும் அடுத்த கவாத்து வரைக்கும்தான். இதன் பெரிய குறையும் இங்கேதான் பிறக்கிறது. லண்டன் ஓரத்து எப்பிங் காட்டில் ஊர்மக்கள் விறகுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கிளை கழித்து வந்தார்கள். 1878 சட்டம் அந்த உரிமையை முடித்தது. காட்டைக் காத்த நல்ல சட்டம். ஆனால் கவாத்து நின்ற பீச் மரங்கள் பழைய முண்டுகளின் மேல் பெருங்கிளைகளைச் சுமந்து, தலைப்பாரம் தாங்காமல் பிளக்கத் தொடங்கின. நகரத் தெருவில் அப்படிப் பிளந்தால் கீழே மனிதர்கள் இருப்பார்கள். செலவு மிச்சம் என்று ஒரு நகராட்சி சில சுற்றுகளைத் தள்ளிப்போடும்போது இந்த ஆபத்தைத்தான் வளர்க்கிறது.

ரம்பமும் நோய் சுமக்கும். பிளேன் மரத்தைக் கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று, 1944-இல் நேச நாட்டுப் படைகளின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு தெற்கு பிரான்சின் புரோவென்ஸ் பகுதிக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. அதே தெற்கு பிரான்சில் ஓடும் ‘கனால் து மிதி’ கால்வாயின் கரைகளில் 42,000 பிளேன்கள் இருந்தன. 2006-இல் நோய் அங்கே தெரியவந்த பிறகு பல்லாயிரம் மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. அவை தலைக்கவாத்து மரங்கள் அல்ல. ஆனாலும் காயத்தின் வழியாகவும் கழுவாத கருவியின் வழியாகவும் பரவும் நோய்க்கு, அடிக்கடி காயப்படும் மரவரிசையைவிட வசதியான இடம் ஏது?

வெப்பம் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வியைக் கேட்கிறது. 2003 கோடையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்ப அலையில் இறந்தார்கள். மொட்டையடித்த மரம் தன் நிழல் முழுவதையும் புதுச் சிம்பிலிருந்து மறுபடி கட்டியாக வேண்டும். வெயில் முந்திக்கொள்ளும் ஆண்டில் அந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் 1789-இல் நட்ட பிளேன்கள் விரித்திருக்கும் குடையை எந்த முண்டு மரமும் தராது.

எனவே, இடம் இருக்கும் அகலச் சாலையிலும் பூங்காவிலும் புதிதாக நடும் மரத்தை அதன் போக்கில் வளரவிட வேண்டும். அங்கே வெறும் வழக்கத்துக்காகத் தலை கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். முண்டு கட்டிவிட்ட பழைய மரங்களுக்கு அந்த விடுதலையைத் தர முடியாது. சுற்றுத் தவறாமல், கருவியை மரத்துக்கு மரம் கிருமிநீக்கம் செய்து, முண்டுக்கு வெளியே மட்டும் அறுக்கத் தெரிந்த ஆட்களுக்கு அந்த மரங்கள் சாகும்வரை நகராட்சி சம்பளம் கொடுத்தாக வேண்டும்.