ஏஆர்பேக்97 மாதிரியில் பரவலாவது எது?

பங்குசார் அணுகல் கட்டுப்பாட்டில் உரிமைகள் பயனருக்கு நேரடியாக அன்றி, அவர் வகிக்கும் பங்கின் வழியே சேர்கின்றன. எவருக்கு எப்பங்கு என முடிவுசெய்யும் அதிகாரத்தைப் பரவலாக்க, ரவி சந்து உள்ளிட்ட மூவர் 1999ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்ட ஏஆர்பேக்97 மாதிரி இன்றும் இத்துறையில் எடுத்தாளப்படுகிறது. அது பரவலாக்குவது எதனை என்பது நுணுகிக் காணத்தக்கது.

அக்கட்டுரையின் எடுத்துக்காட்டில், திட்டப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் பொறியியல் துறையில் ஏற்கெனவே உள்ளவரை மட்டுமே தம் திட்டத்தின் பங்குகளில் அமர்த்தலாம். திட்டத் தலைவர் பங்கினை அவர் வழங்க இயலாது. வரையறை நேர்த்தியானதே. ஆனால் அவ்வலுவலரை அமர்த்துபவர் யார்? நிருவாகப் பங்குகள் தனிப் படிநிலையாகப் பிரிக்கப்பட்டு, முதன்மைப் பாதுகாப்பு அலுவலரின் கையிலேயே விடப்படுகின்றன. ஆகவே பரவலாவது செயற்பணி; விதி வகுக்கும் அதிகாரமன்று.

இதனினும் கடுமையானது மற்றொன்று. தனித்தனியே முறையாகத் தோன்றும் அமர்த்தல், நீக்கல் விதிகள் அடுத்தடுத்து இயங்குகையில், எவரும் எண்ணாத பங்கினை ஒரு பயனர் அடையக்கூடும். அவ்வாறு அடைய இயலுமா எனக் கண்டறிவது பொதுநிலையில் பிஸ்பேஸ்-முழுமைச் சிக்கல் என்பது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. முழு விதித்தொகுதியையும் காண்பவருக்கே இது கடினமெனில், தம் எல்லைக்குட்பட்ட விதிகளை மட்டும் நோக்கும் அலுவலர் தம் ஒப்புதலின் விளைவுக்கு எவ்வாறு பொறுப்பேற்பார்? மாதிரி இதற்கு இடமளிக்கவில்லை.